பண்டாரவளைக்குப் போகிற நேரம்

"பதுளையிலிருந்து பஸ்ஸில பண்டாரவளைக்குப் போற நேரந்தான், இராக்கம்மா. கட்டுநாயக்காவில பிளேன் ஏறினா அடுத்தது திருச்சி. பயந்து முடிக்கக்கூட நேரம் ஈக்காது" என்று வேனை ஓட்டியபடி வாஹித் முதலாளி சிரித்தார். பதுளையில் துணிக்கடை வைத்து, சேலை வாங்கத் திருச்சிக்குப் பறந்து பழகியவர். கட்டுநாயக்காவுக்குப் போய்ச் சேர ஒரு பகல் வேண்டும் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டார்.

இராக்கம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. திருச்சியில் இருக்கும் மகள் தனலெட்சுமிக்குத் தலைப்பிரசவம். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, உடனே வரவும் என்று தந்தி. ரயிலும் கப்பலும் பிடித்துப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். எண்பத்து மூன்றாம் ஆண்டு, ஆடி மாதம். தமிழர்களைத் தேடித் தேடி அடித்ததில் கொழும்பு பற்றி எரிந்துகொண்டிருந்தது. "என் பொஞ்சாதியா வா, முஸ்லிமெண்டா ஒருத்தனும் கேக்க மாட்டான்" என்று டிக்கெட்டும் எடுத்துக் கொடுத்தார் வாஹித். அவர் மனைவி ஸல்மாவுக்குப் பால் வற்றியபோது, தனலெட்சுமிக்கு ஒரு பக்கமும் அவர் மகள் றஷீனாவுக்கு ஒரு பக்கமுமாகப் பால் கொடுத்தவள் இராக்கம்மா. அதை அந்த மனிதர் மறக்கவே இல்லை.

பொட்டு, தாலி, மூக்குத்தி எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஸல்மாவின் சேலையில் முக்காடு போட்டிருந்தாள். ஒன்றை மட்டும் விட்டுவர மனம் வரவில்லை. புருஷன் வீரய்யா தேயிலை வெட்டும் கவ்வாத்துக் கத்தி, மடியிலிருந்த மூட்டைக்குள் கிடந்தது. பிள்ளை பெற்றவளின் தலைமாட்டில் இரும்பு வைக்காமல் எப்படி?

ஹாலிஎல ஊரைத் தாண்டிய வளைவில் ஒரு கும்பல் கட்டையைப் போட்டு ரோட்டை மறித்திருந்தது. முன்னால் நின்றவன் கையில் இரும்புக் கம்பி. வாஹித் சிங்களத்தில் தன் பெயரைச் சொன்னார், மனைவி என்றார். அவன் தலையாட்டினான். வழிவிடப் போனவன் என்ன நினைத்தானோ, ஜன்னலுக்குள் கைவிட்டு முக்காட்டை இழுத்தான்.

உச்சந்தலையில், வருஷக்கணக்காகக் கூடைக் கயிறு அழுத்திய இடத்தில், முடி தேய்ந்து தடம் விழுந்திருந்தது. தேயிலைப் பக்கம் வளர்ந்தவனுக்கு அது போதும்.

"கொழுந்து பறிக்கிற தமிழச்சி!" என்று சிங்களத்தில் கத்தினான்.

வாஹித் கதவைத் திறந்து குறுக்கே விழுந்தார். கம்பி அவர் மண்டையில் இறங்கியது. இரண்டாம் முறை ஓங்கியபோது இராக்கம்மா வெளியே நின்றாள், கையில் கத்தி. ஒரே வெட்டு. கம்பியோடு இரண்டு விரலும் தார் ரோட்டில் விழுந்தன. அவன் அலறலில் கும்பல் ஒரு கணம் பின்வாங்கியது. அதற்குள் வாஹித்தை இழுத்துக்கொண்டு தேயிலைச் சரிவில் உருண்டாள். மேலே கும்பல் தீ வைத்த வேன் குப்பென்று பற்றியது. பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் அதற்குள்தான் இருந்தன.

வாஹித்தால் நடக்க முடியவில்லை. நல்லவேளை, மெலிந்த மனிதர். ஸல்மாவின் சேலையைக் கிழித்து அவரை முதுகோடு சேர்த்துக் கட்டினாள். நுனியை உச்சந்தலைத் தடத்தில் மாட்டிக்கொண்டு, கொழுந்து மூட்டை சுமக்கிற மாதிரி குனிந்து, தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பார்த்து நடந்தாள். சூடான ரத்தம் அவள் கழுத்தில் வழிந்தது.

"பிளேன் போயிடும்... என்னைய இறக்கிட்டுப் போ, புள்ள" என்று முனகினார்.

"போகட்டுங்க மொதலாளி. பண்டாரவளைக்குப் போற நேரந்தானே? நாளைக்குப் போயிக்கிறேன்."

அவள் கழுத்தில் பட்டுக்கொண்டிருந்த மூச்சு நின்றது. முதுகில் பாரம் திடீரென்று கூடியது. அவள் பேசிக்கொண்டே நடந்தாள்.