பழைய கோடில் கடைசி ஆள்

எங்க காலேஜ்ல ஒவ்வொரு பேப்பருக்கும் ஒரு பேரு உண்டு, ஒரு கோடு நம்பரும் உண்டு. படிக்கிற காலத்துல நா அந்த நம்பரை ஏறெடுத்துக்கூடப் பார்த்ததில்ல. ஹால் டிக்கெட்ல ஓரமாக் கெடக்கும், கெடந்துட்டுப் போகட்டும்னு விட்டுருவேன். முப்பத்தேழு வயசுல அந்த ஏழு எழுத்துக்குப் பொறத்தால நாயா அலைவேன்னு எவ கண்டா!

நா கயல்விழி. பரமத்தி வேலூர்ல ஆத்துக்குப் போற ரோட்டுல எங்க ஊடு. ஊட்டுக்காரர் சிவபிரகாஷ் போர்வெல் ரிக் வண்டிக்கு மேனேஜர், ராய்ப்பூர் பக்கம். மழைக்கு வண்டி நிக்கிறப்ப ஒரு மாசம் வருவார், பொங்கலுக்கு ஒரு வாரம் வருவார். பொண்ணு யாழினி பத்தாவது, ராசிபுரத்துக்கிட்ட ஹாஸ்டல் ஸ்கூல். மாசத்துல ஒரு ஞாயித்துக்கெழம பார்க்க விடுவாங்க. மத்த நாளெல்லாம் ஊட்டுல நானும் ஃபேனுந்தான். அரை டம்ளர் அரிசி போட்டாலும் மறுநாளைக்கு மிஞ்சும். ஒத்தையில இருக்கப் பழகிருச்சான்னு கேக்கறவங்ககிட்ட ஆமாங்கன்னுதான் சொல்லுவேன். எங்க பழகுச்சு? சாயங்காலம் ஆச்சுன்னா யாராச்சும் கேட்டைத் தட்ட மாட்டாங்களான்னு இருக்கும்.

என் கல்யாணப் பத்திரிகையில என் பேருக்குப் பின்னால பி.எஸ்ஸி.ன்னு போட்டிருக்கு. அங்க புடிச்சதுதான் சனி. அச்சாபீஸ்காரர், "பொண்ணு என்னங்க படிச்சிருக்குது?"ன்னு கேட்டாரு. நா அப்பத்தான் ஃபிசிக்ஸ் கடைசி வருசப் பரீட்சை எழுதிட்டு ரிசல்ட்டுக்கு ஒக்காந்திருக்கேன். ஒரே ஒரு அரியர், நாலாவது செமஸ்டர் அலைடு மேத்ஸ். அதையும் சேர்த்துத்தான் எழுதியிருந்தேன். எங்கப்பா வேலுசாமி, "பி.எஸ்ஸி. போடுங்க, ரிசல்ட்டு அடுத்த மாசம் வந்துரும்"னுட்டாரு. மாப்பிள்ளை பேருக்குப் பின்னால டி.எம்.இ. இருக்கறப்ப பொண்ணு பேரு மொட்டையா நின்னா எங்க சனத்துல பேசுவாங்க. அப்பாவ நா தப்புச் சொல்ல மாட்டேன். நானும் பக்கத்துல நின்னு பல்லக் காட்டிட்டுத்தான் இருந்தேன்.

கல்யாணம் முடிஞ்ச நாலாம் நாள் ரிசல்ட் வந்துச்சு. எழுபத்தஞ்சுக்கு இருபத்தாறு. முப்பது இருந்தாத்தான் பாஸ். அன்னைக்குக் காலையிலதான் எங்க மாமியா பக்கத்து ஊட்டுல போயி, "எங்க மருமக டிகிரிங்க"ன்னு சொல்லிட்டு வந்திருந்தாங்க. நா எந்த வாயில சொல்றது? அடுத்த செமஸ்டர் எழுதிப் பாஸாயிட்டா யாருக்கும் தெரியாம எல்லாம் சரியாயிரும்னு நெனச்சேன். அடுத்த செமஸ்டர்ல வாந்தி, மயக்கம். அதுக்கடுத்த செமஸ்டர்ல கைக்கொழந்தை. அப்பறம் நெனைக்கறதையே விட்டுட்டேன்.

பதினாறு வருசம்! அவர் ரிக்ல இருக்கற ஆளுங்ககிட்ட எல்லாம், "இருங்கப்பா, எங்கூட்டுல டிகிரி, கேட்டுச் சொல்றேன்"ம்பார். யாழினியோட ஸ்கூல் ஃபாரத்துல தாயாரின் கல்வித் தகுதின்னு ஒரு வரி வரும். என்னைக் கேக்காமயே அவரே பி.எஸ்ஸி.ன்னு எழுதிருவார். இத யார்கிட்டயும் சொல்லி அழக்கூட முடியாது.

போன சித்திரையில பேப்பர்ல அந்த அறிவிப்பைப் பார்த்தேன். 2006-ஆம் வருசப் பாடத்திட்டத்துல அரியர் வெச்சிருக்கறவங்களுக்கு இது கடைசி வாய்ப்பு, இதோட அந்தப் பாடத்திட்டம் மொத்தமா ரத்துன்னு போட்டிருந்தாங்க. மூணு தடவ படிச்சேன். இத விட்டா நா சாகற மட்டும் வெறும் ப்ளஸ் டூ. மறுநாளே பல் டாக்டர்கிட்டப் போறேன்னு பக்கத்தூட்டு மாரியாயி அக்காகிட்டச் சொல்லிட்டு, நாமக்கல் போயி, இன்னொரு பஸ் மாறி, காலேஜுக்குப் போனேன்.

பரீட்சை ஆபீஸ்ல ஆரோக்கியசாமின்னு ஒரு கிளார்க். சேலத்துக்காரர். கண்ணாடிய நெத்தியில ஏத்தி விட்டுக்கிட்டு ஒரு பெரிய நோட்டைப் புரட்டி என் பேரைக் கண்டுபிடிச்சாரு. 06UPHA4. அதுக்கு மேல விரலை வெச்சு சின்னக் கொழந்தைக்குச் சொல்ற மாதிரி சொன்னாரு.

"பாருங்கம்மா, மொதல் ரெண்டு நம்பர் உங்க பாடத்திட்டம் வந்த வருசம். யு-ன்னா இளங்கலை. பிஹெச் உங்க டிபார்ட்மென்ட், ஃபிசிக்ஸ். ஏ-ன்னா அலைடு, மெயின் பாடம் இல்ல. கடைசியில இருக்கற நாலு, நாலாவது செமஸ்டர்."

"மெயின் பூராம் பாஸுங்க சார். தமிழ், இங்கிலீஷ் பாஸு. ஏரிக்கரையில வேப்பங்கன்னு நட்டதுக்கு அஞ்சாம் பார்ட்டுன்னு ஒண்ணு குடுத்தீங்களே, அதுலகூடப் பாஸு. சும்மா தொணைக்கு வெச்ச கணக்கு என் கழுத்த அறுத்துருச்சு பாருங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துருச்சு. "தொணைக்கு வெச்சதுல நிக்கிறவங்கதாம்மா ஜாஸ்தி"ன்னாரு.

"இந்தக் கோடுல இன்னும் எத்தன பேருங்க?"

"தம்மம்பட்டிக்காரர் ஒருத்தர் இருந்தார், போன வருசம் முடிச்சுட்டார். இப்ப நீங்க மட்டுந்தான்."

நீங்க மட்டுந்தான்னு அவர் சாதாரணமாத்தான் சொன்னாரு. எனக்கு என்னமோ மாதிரி ஆயிருச்சு. காலேஜ்லயும் நா மட்டுந்தானான்னு நெனச்சேன். ஃபாரத்துல கையெழுத்துப் போட்டுட்டு, தெரிஞ்சவங்க யாராச்சும் பார்த்துருவாங்கன்னு முந்தானைய இழுத்துப் போத்திக்கிட்டு வெளிய வந்துட்டேன். பாடம் என்னன்னு ஒரு வார்த்தை கேக்கல. அதுதான் நா பண்ணுன முட்டாத்தனம்.

சேலத்துல ஒரு புத்தகக் கடையில அலைடு மேத்ஸ் ரெண்டாம் தாள் கேட்டேன், புதுசா ஒண்ணு எடுத்துக் குடுத்தாங்க. ஃபிசிக்ஸ் மாணவர்களுக்கு, நாலாவது செமஸ்டர்னு அட்டையிலயே போட்டிருந்துச்சு. இனி என்ன வேணும்? தெனமும் காலையில பாத்திரம் கழுவிட்டு ஒக்காந்தா மத்தியானம் வரைக்கும் கணக்குத்தான். லாப்லாஸ், ஃபூரியர், நியூமெரிக்கல் மெத்தட்ஸ். மொதல் வாரம் தலையும் புரியல, வாலும் புரியல. அப்பறம் மெல்ல மெல்லப் புடிபட்டுச்சு. ஒரு கணக்கு விடை சரியா வந்தா வாய்விட்டு, "அப்படிப் போடு!"ம்பேன். கேக்கத்தான் ஆளில்ல.

பரீட்சைக்கு ஒம்போது நாள் இருக்கறப்ப ஹால் டிக்கெட் வந்துச்சு. எதுக்கோ அதைப் புத்தகத்துப் பக்கத்துல வெச்சேன். புத்தகத்தோட மொதல் பக்கத்துல, கீழ, பொடி எழுத்துல 23UPHA4. என்கிட்ட இருக்கறது 06. மத்த அஞ்செழுத்தும் ஒண்ணு, பேரும் ஒண்ணு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. ஆரோக்கியசாமிக்குப் போன் போட்டேன்.

"ஐயோ, பேரைப் பார்த்தா வாங்குனீங்க?"ன்னாரு. "பேர் எப்பவும் அதேதாம்மா இருக்கும். உள்ள இருக்கறது நாலு வருசத்துக்கு ஒருக்கா மாறிரும். கோடு நம்பரைத்தான் பார்க்கணும்."

"பாடத்த மாத்துனா பேரையும் மாத்தித் தொலைய வேண்டியதுதானுங்க! யாரைக் கொல்றதுக்கு இப்படி வெச்சிருக்கீங்க?" நா கத்துன கத்துல மாரியாயி அக்கா சன்னல் வழியா எட்டிப் பார்த்துச்சு. பல்லு வலி அக்கான்னேன்.

பாவம், அந்த மனுசன் கோவிச்சுக்கல. மறுநாள் போனப்ப பழைய சிலபஸும், ஆறு பழைய கேள்வித்தாளும் அவரே ஜெராக்ஸ் போட்டு வெச்சிருந்தாரு. அஞ்சு யூனிட்ல ரெண்டுதான் நா படிச்சதோட ஒத்துப்போச்சு. வெக்டரும் டபுள் இன்டக்ரலும் புதுசாப் படிக்கணும். பஸ்ல சன்னலோரம் ஒக்காந்து நாமக்கல் வர்ற வரைக்கும் அழுதேன். அப்பறம் ஊட்டுக்கு வந்து மூஞ்சியக் கழுவிட்டு வெக்டர் போட ஆரம்பிச்சேன். வேற என்ன பண்றது?

பரீட்சை ஹால்ல நாப்பது பெஞ்சு. முப்பத்தொம்போது காலி. நடு வரிசையில என் நம்பரைச் சாக்பீஸ்ல எழுதியிருந்தாங்க. கண்காணிக்க வந்தது ஃபாத்திமான்னு ஒரு சின்ன வயசு மேடம். உறையைக் கிழிச்சாங்க, உள்ள ஒரே ஒரு கேள்வித்தாள். எனக்காக ஒருத்தர் கேள்வி எழுதி, எனக்காக ஒண்ணு அச்சடிச்சு, எனக்காக மணியும் அடிச்சாங்க. என் கல்யாணத்துக்கப்பறம் எனக்குன்னு இத்தன பேரு மெனக்கெட்டது அன்னைக்குத்தான்.

"நீங்க இப்ப என்ன பண்றீங்க மேடம்?"னு ஃபாத்திமா கேட்டாங்க.

"ஊட்டுலதான் இருக்கேனுங்க."

"அப்ப இந்த டிகிரி எதுக்கு?"

என்னென்னமோ வாய் வரைக்கும் வந்துச்சு. "சும்மாதானுங்க"ன்னு சொல்லிட்டுக் குனிஞ்சுக்கிட்டேன். லாப்லாஸ் ரெண்டு கணக்கு வந்திருந்துச்சு. வெக்டர்ல ஒண்ணு தெரிஞ்சுது, ஒண்ணு பாதியில நின்னுருச்சு. ரெண்டு மணி நேரத்துல தெரிஞ்சதெல்லாம் தீந்துபோச்சு. ஆனாலும் கடைசி மணி அடிக்கற வரைக்கும் நா எந்திரிக்கல. அந்த மேடம் கொட்டாவி விட்டுக்கிட்டு என்னையே பார்த்துட்டிருந்தாங்க.

நாப்பது நாள் கழிச்சு, ஒரு புதன்கெழம காலையில, போன்ல ரிசல்ட் பார்த்தேன். முப்பத்தி நாலு. பாஸ். கண்ணைத் தொடச்சுட்டு மறுபடி பார்த்தேன், பாஸ்தான். ஊட்டுக்குள்ள நின்னு, "பாஸுடி, பாஸு!"ன்னு எனக்கு நானே கத்துனேன். போனைக் கையில வெச்சுக்கிட்டு யாருக்குச் சொல்லலாம்னு பேரைத் தள்ளிக்கிட்டே போனேன். அம்மா, அண்ணி, கூடப் படிச்சவங்க, யாழினி ஹாஸ்டல். நூத்தி நாப்பது பேரு. அத்தன பேருக்கும் நா பதினாறு வருசத்துக்கு முன்னாடியே பாஸ் பண்ணுனவ.

ஆரோக்கியசாமிக்குப் போட்டேன். "பார்த்தேம்மா, ரொம்ப சந்தோஷம்"னாரு. "அந்தக் கோடு நம்பரை இன்னைக்கே முடிச்சுட்டேன், இனி அதுல யாருமில்ல." அவருக்கு அந்தப் பக்கம் யாரோ கூப்புட்டாங்க, வெச்சுட்டாரு. நா கேசரி கிண்டுனேன். முந்திரி தூக்கலாப் போட்டு. மாரியாயி அக்கா வாசம் புடிச்சுட்டு வந்து, "என்ன விசேஷம் சாமி?"னு கேட்டுச்சு. சும்மாதான் அக்கான்னு ஒரு கிண்ணத்துல போட்டுக் குடுத்தேன்.

சாயங்காலம் அவர் போன் பண்ணுனாரு. பின்னால ரிக் ஓடற சத்தம். சாப்புட்டியான்னு கேட்டாரு. எனக்குத் தாங்கல.

"ஏனுங்க, நா இன்னைக்குத்தானுங்க பி.எஸ்ஸி. பாஸ் பண்ணுனேன்."

சிரிச்சாரு. நா சிரிக்கல. எல்லாத்தையும் சொன்னேன். கல்யாணத்தப்ப ஃபெயிலானது, யாருக்கும் தெரியாம ஃபாரம் போட்டது, புத்தகம் மாறிப்போனது, நாப்பது பெஞ்சுல ஒத்தையா ஒக்காந்து எழுதுனது. சொல்லச் சொல்ல அந்தப் பக்கம் ரிக் சத்தம் கொறஞ்சுக்கிட்டே போச்சு. அவர் தள்ளிப் போயி நின்னு கேக்கறாருன்னு தெரிஞ்சுது. திட்டுவாரு, திட்டட்டும், அழுதுட்டு ஒத்துக்கலாம்னு இருந்தேன்.

எல்லாத்தையும் கேட்டு முடிச்சுட்டு, "எவ்வளவு மார்க்கு?"ன்னாரு.

"முப்பத்தி நாலுங்க. எழுபத்தஞ்சுக்கு."

"பரவாயில்லையே. இந்த வயசுல கெட்டிக்காரிதான் நீ." நெசமாவே சந்தோஷமாத்தான் சொன்னாரு. அப்பறம் கொரலைத் தாழ்த்திக்கிட்டு, பதமாச் சொன்னாரு. "ஆனா சாமி, இத யார்கிட்டயும் சொல்லிராத. யாழினிகிட்டக்கூட."

"சரிங்க"ன்னேன்.