பேஸ் கிட்டாருக்குப் புதுக் காது

வாண்டு என்று அவளைக் கூப்பிடுகிறவன் உலகத்திலேயே அவள் அண்ணன் ஒருத்தன்தான். அவள் இப்போது செல்போன் பழுதுபார்க்கும் கடைக்கு முதலாளி, தலையில் நரைகூட எட்டிப் பார்த்தாயிற்று. ஆனாலும் அண்ணனுக்கு அவள் வாண்டுதான்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பேஸ் கிட்டார் வாசிக்கிறவன். மேடையில் ஆடாமல் அசையாமல் நிற்பதால் குழுவில் அவனுக்குத் தூண் என்று பெயர். மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு லிஃப்ட் கதவு அவன் வலது கையைக் கவ்விவிட்டது. எலும்பு கூடிவிட்டது, வேலைக்கும் திரும்பிவிட்டான். ஆள்காட்டி விரலும் நடுவிரலும்தான் பேருக்கு ஒட்டிக்கொண்டிருந்தன. அந்த இரண்டு விரலால்தான் அவன் இத்தனை காலமும் தந்தியை மீட்டி வந்தான்.

கைக்கட்டைப் பிரித்ததும் ஆசையாக ஒத்திகைக்குப் போனான். வாசித்தது யார் காதிலும் விழவில்லை. டிரம்ஸ்காரர், இடி என்றால்தான் அவரை எல்லோருக்கும் தெரியும், ஆம்பிளிஃபயரைத் திருகி ஏற்றிவிட்டார். சத்தம் ஏறவில்லை, இரைச்சல்தான் ஏறியது. பழைய கிட்டாரின் பிக்அப், தேன்கூட்டைக் கலைத்த மாதிரி ஙொய்யென்றது. பாடுகிற பெண் திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான். அடுத்த வாரம் அண்ணனுக்குப் பல்வலி. அதற்கடுத்த வாரம் வீட்டுக்கு விருந்தாளி. அப்புறம் காரணம் சொல்வதையும் விட்டுவிட்டான்.

இதெல்லாம் அண்ணி கடைக்கு வந்து சொன்னதுதான். கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"பெட்டியைத் திறக்கறாரு, பாக்கறாரு, மூடறாரு. வாசிக்கறதில்ல. உங்க அண்ணன் கோவப்பட்டாக்கூட எனக்குப் புரியும். இப்படி வாயைத் திறக்காம இருந்தா என்ன பண்றது, சொல்லு."

வாண்டுவுக்கு இசை ஞானம் கிடையாது. ஆனால் பிக்அப் என்றால் என்னவென்று தெரியும்: ஒரு காந்தம், அதைச் சுற்றி முடி மாதிரி மெல்லிய கம்பி. மேலே தந்தி அதிர்ந்தால் கம்பியில் மின்சாரம் ஓடும். அதையே இரட்டைச் சுருளாகச் சுற்றினால் இரைச்சலும் அடங்கும், லேசாகத் தொட்டாலும் நன்றாகக் கேட்கும். விசாரித்துப் பார்த்தாள், அப்படி ஒன்று கிடைத்தது. வாங்கிக்கொண்டு நேராக அண்ணன் வீட்டுக்குப் போனாள்.

"அண்ணா, உன் கை நல்லாத்தான் இருக்கு. கிட்டாருக்குத்தான் காது மந்தம். புதுக் காது வெச்சிடலாம்."

அவன் டப்பாவைப் புரட்டிப் பார்த்தான். "யாரு, உங்க அண்ணி அனுப்பினாளா?"

"நானா வந்தேன்."

"பொய் சொல்லும்போது உன் மூக்கு விடைக்கும், சின்ன வயசுலேர்ந்தே. இதோ பாரு, என்னைப் பாத்துப் பரிதாபப்பட வேணாம். கை போச்சுன்னா போச்சு."

"பரிதாபமா? உன்னைப் பாத்தா? என் சைக்கிளைக் கழட்டிப் போட்டுட்டு மாட்டத் தெரியாம முழிச்சியே, அதுக்கு இன்னும் பழி வாங்கல நான். கிட்டாரைக் கழட்டத்தான் வந்திருக்கேன்."

அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னவோ பண்ணு" என்றான்.

சாப்பாட்டு மேசையில் பழைய போர்வையை விரித்துக் கிட்டாரைப் படுக்க வைத்தார்கள். தந்திகளைக் கழற்றி, பழைய பிக்அப்பை எடுத்த பிறகுதான் வில்லங்கம் தெரிந்தது. புதியது அகலம், கிட்டாரில் இருந்த குழி குறுகல். மரத்தைச் செதுக்கியாக வேண்டும். அவள் உளியை எடுத்ததும் அண்ணன் பதறினான்.

"தள்ளு. போன் இல்ல இது."

உளியை அவள் பிடித்துக்கொண்டாள். இடது கையால் அவன் சுத்தியலைத் தட்டினான். பழக்கமில்லாத கை. ஒரு தட்டு கோணலாக விழுந்து, ஓரத்தில் பெயின்ட் சில்லாகப் பெயர்ந்து வந்தது. இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அண்ணி அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி போய்விட்டாள்.

"உள்காயம் இல்ல" என்றாள் வாண்டு.

"நீ டாக்டர் பாரு. பிடி ஒழுங்கா."

பிக்அப் உட்கார்ந்தது. கம்பிகளை ஈயம் உருக்கிச் சால்டர் பண்ணுவது அவளுக்கு நித்திய வேலை. ஊதி ஆறவைத்து, தந்தி கட்டி, ஒயரை ஆம்பிளிஃபயரில் சொருகினாள். ஙொய் இல்லை. அறையில் கடிகாரம் ஓடும் சத்தம் கேட்டது. அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அண்ணன் வாசித்தான். சத்தம் வந்தது. ஆனால் எல்லாமே வந்தது. நகம் தந்தியில் உரசுவது, நடுவிரல் வழுக்குவது, ஒரு அடி கனமாகவும் மறு அடி செத்தும் விழுவது, அத்தனையும் சபையேறியது. நன்றாக நடப்பவன் மாதிரி தொடங்கிய பாட்டு நொண்டிக்கொண்டு போயிற்று. பாதியில் நிறுத்தினான். கிட்டாரை மெதுவாக மேசைமேல் வைத்துவிட்டு மொட்டைமாடிக்குப் போனான்.

அண்ணனின் காயத்துக்கு ஒலிபெருக்கி வைத்துக் கொடுத்துவிட்டோமே என்று நினைத்தாள் வாண்டு. பழைய காதாவது பாதியை மறைத்தது. "பழசையே மாட்டிடறேன், அண்ணி" என்று சால்டரிங் கருவியை மறுபடி எடுத்தாள்.

அண்ணி மாடிக்குப் போய்விட்டுத் திரும்பியிருந்தாள். கண் கலங்கியிருந்தது. "வேணாம், விடு. அழறாரு. விபத்து நடந்த அன்னைக்குக்கூட அழல அவரு. நீ வீட்டுக்குப் போ, நான் பாத்துக்கறேன்."

அதற்கப்புறம் வந்த நாட்களில் வாண்டு போனை எடுத்து எண்ணை அழுத்துவதும் வைப்பதுமாக இருந்தாள். என்னவென்று கேட்பது? அண்ணியும் கூப்பிடவில்லை. ஒரு நாள் மத்தியானம் கடைக் கதவை முதுகால் தள்ளிக்கொண்டு அண்ணனே வந்தான், தோளில் கிட்டார்.

"தடிச்ச தந்திப் பக்கம் ரொம்பக் கத்துது. காதைக் கொஞ்சம் இறக்கி வை."

அவள் திருப்புளியைத் தேடினாள். "வாசிக்கறியா?"

"எங்க தப்பு விடறேன்னு இப்பத்தான கேக்குது. முன்னாடி எல்லாம் ஊமை. என்னன்னே தெரியாம முட்டிக்கிட்டிருந்தேன்." கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான். "இவனுக்கு ஒண்ணும் ஆகலையே, இவன் சும்மாதான இருந்தான். இவனை வேலைக்கு வெச்சிட்டேன். அடிக்க வேணாம், தடவினாலே போதும், நீ வெச்ச காது கேட்டுக்குது."

திருகாணியை அரைச் சுற்று இறக்கினாள். அங்கேயே முக்காலியில் உட்கார்ந்து, கட்டை விரலால் மெல்லத் தடவிக் காட்டினான். பழைய வேகம் இல்லை. ஆனால் ஒவ்வொரு ஒலியும் உருண்டு திரண்டு வந்தது. உடைந்த போனோடு வரிசையில் நின்ற அம்மாள், "எனக்கு ஒண்ணும் அவசரமில்ல, அவரு முடிக்கட்டும்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்கு வாண்டுவும் போனாள். சால்டர் விட்டுப்போகிறதா என்று பார்க்கத்தான் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். ஒத்திகை நடந்தது ஒரு டயர் கிடங்கில். ரப்பர் வாடை மூக்கைத் துளைத்தது. அண்ணன் இல்லாத காலத்தில் அவன் பங்கைக் கீபோர்டுக்காரர் இடது கையால் ஒப்பேற்றிக்கொண்டிருந்தார். முதலில் எடுத்தது ஒரு வேகப் பாட்டு. இரண்டு வரி தாண்டியதும் அண்ணன் கையைத் தூக்கினான்.

"இது என்னால முடியாது. இதை நீங்களே வாசிங்க. மெதுவான பாட்டுன்னா நான் வரேன்."

இவ்வளவு மாதத்தில் அவன் வாயிலிருந்து முடியாது என்ற சொல் அன்றுதான் வந்தது. இடி தொண்டையைக் கனைத்தார். "அதை அன்னைக்கே சொல்லியிருந்தா நான் உன் பல்வலிக்கு மருந்து தேடி அலைஞ்சிருக்க மாட்டேன்டா, தூணு."

மெதுவான பாட்டை எடுத்தார்கள். அண்ணனின் கட்டை விரல் அசைந்தது. இடி, யாரும் சொல்லாமலே, குச்சிகளின் வேகத்தைக் குறைத்து, அவனுக்காகக் காதைச் சாய்த்து வாசித்தார். பாடுகிற பெண் கண்ணை மூடிக்கொண்டாள். இணைப்பில் கரகரப்பு வருகிறதா என்று கேட்க வந்த வாண்டு, அதைக் கேட்கவே மறந்து டயர் அடுக்கில் சாய்ந்து நின்றாள்.

மூன்றாவது பாட்டு முடிந்ததும் அண்ணன் வேர்த்துப்போய் ஒரு டயரில் உட்கார்ந்தான். தண்ணீர் பாட்டிலை எடுத்தான், மூடியைத் திருக வரவில்லை. இடியிடம் நீட்டினான். அவர் பேச்சை நிறுத்தாமலே திறந்து கொடுத்தார். குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டே அண்ணன் கேட்டான்:

"அடுத்து எந்தப் பாட்டு?"