ஹில்லெகொந்தை யாரும் திட்டவில்லை

நியூ ஆம்ஸ்டர்டாமில் என் வக்கீல் பிழைப்பு ஊரார் வாயை நம்பித்தான் ஓடுகிறது. ஒருத்தி இன்னொருத்தியைப் பன்றித் திருடி என்பாள். திட்டு வாங்கியவள் வழக்குப் போடுவாள். தோற்றவள் நீதிபதிகள் முன்னால் நின்று, "இவங்ககிட்ட மானத்தையும் நல்லொழுக்கத்தையும் தவிர வேறெதையும் நான் பார்த்ததில்லை" என்று சொல்லியாக வேண்டும். அப்படிச் சொல்ல வைத்தவளுக்கு ஊரில் தனி மரியாதை. நாளடைவில் பெண் பார்க்கிறவர்கள்கூட அதைத்தான் முதலில் விசாரித்தார்கள். வெட்கக்கேடு.

துணி வெளுக்கும் ஹில்லெகொந்த் ஒருநாள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள். ரொட்டிக்கடை யோகெமின் மகனைக் கட்டிக்கொள்ள அவளுக்கு ஆசை, அவனுக்கும் ஆசை. யோகெம்தான் குறுக்கே நின்றார்.

"உன் மானத்தைப் பத்தி கோர்ட்டுல யார் சொல்லியிருக்காங்கன்னு கேக்குறார். என்னை யாரும் திட்டினதே இல்லையே வக்கீலய்யா. நான் என்ன செய்வேன்?"

ஊரில் ஒருவர் விடாமல் திட்டுகிறவள் மீன்காரி ட்ரைன். படகுத்துறையில் மீன் விற்றுக்கொண்டிருந்த அவளிடம் ஹில்லெகொந்தை அழைத்துப் போனேன்.

"இவளை ஏதாவது சொல்லு ட்ரைன்."

"இந்தப் புள்ளையவா? நாக்கு அழுகிடும்யா. தங்கம் அது. வேணும்னா உன்னைச் சொல்றேன்."

சொன்னாள். படகிலிருந்தவர்கள்கூட இறங்கி வந்து கேட்டார்கள்.

வேறு வழியில்லாமல் யோகெமிடமே போய்க் கெஞ்சினேன். ஹில்லெகொந்த் என் பின்னால் நின்றாள். கடை நிறைய ஆட்கள். மனிதர் மாவுக் கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டார்.

"இந்த ஊர்ல ஒருத்தர்கூட ஒரு வார்த்தை சொன்னதில்லைன்னா என்ன அர்த்தம்? எல்லாத்தையும் கமுக்கமா பண்றாள்னு அர்த்தம். கைகாரக் கள்ளி."

எனக்கு அவரைக் கட்டிப் பிடித்து முத்தம் கொடுக்க வேண்டும் போலிருந்தது.

"என்ன சொன்னீங்க?"

"கள்ளின்னேன். எங்க வேணாலும் வந்து சொல்வேன்."

"கோர்ட்டுக்கு வாங்க, போதும்."

ரொட்டி வாங்க வந்த அத்தனை பேரும் சாட்சி. வழக்கு நிமிஷத்தில் முடிந்தது. யோகெம் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, மானம், நல்லொழுக்கம் என்று முணுமுணுத்தார். சத்தமாகச் சொல்லச் சொன்னார்கள். சொன்னார். வாசலில் நின்ற ட்ரைன் கைதட்டினாள்.

யாரும் ஒரு குறை சொல்ல முடியாத ஹில்லெகொந்த் அவர் தோளை ஒட்டித்தான் நின்றிருந்தாள்.

"எனக்குச் சரியா காதுல விழலை மாமா," என்றாள். "இன்னொரு தடவை சொல்லுங்க."