எழுபத்தொரு சதவீதம்

குகட்பள்ளியில் பதினோரு மணிக்கு அக்கா கரோலினுக்கு நிச்சயதார்த்தம். ஒன்பது மணிக்கு நான் காரின் எஞ்சினை இயக்கும் மாட்யூலின் மென்பொருளை, லேப்டாப்பை மாட்டி, வீட்டு வாசலிலேயே அப்டேட் செய்யத் தொடங்கினேன். பழைய பேட்டரி பாதியில் படுத்துவிடக் கூடாதென்று, வீட்டுக்குள்ளிருந்து ஒயர் இழுத்து சார்ஜரும் மாட்டியிருந்தேன்.

அப்பா வந்தார். "ஜெபம் பண்ணாம கார்ல கை வச்சியாடா?"

"முடிஞ்சதும் பண்ணலாம்ப்பா."

"நக்கோ, அதெல்லாம் வேணாம். இப்பவே."

எங்கள் வீட்டில் ஜெபம் தொடங்கினால் மிக்ஸி, ஃபேன் எல்லாம் நிற்க வேண்டும். அப்பா என் தலையில் கையை அழுத்தி, மென்பொருளைக் கர்த்தரிடம் ஒப்புக்கொடுத்தார். சார்ஜரின் இரைச்சல் நின்றது. அம்மா சுவிட்சை அணைத்திருந்தாள்.

கண்ணைத் திறந்தேன். லேப்டாப் திரையில் எழுபத்தொரு சதவீதம்.

"அம்மா, சுவிட்ச்!"

"உஷ்!" என்றாள், கண்ணை மூடியபடியே.

அப்பா அந்த மென்பொருளை எழுதிய இன்ஜினியர்களுக்காகவும் ஜெபித்தார். பிறகு அவர்கள் குடும்பங்களுக்காக. ஆமென் சொன்னபோது லேப்டாப் 'அப்டேட் தோல்வி' என்றது. சாவியைத் திருப்பினேன். கார் இருமக்கூட இல்லை.

பட்டுப்புடவையில் வந்து நின்ற அக்காவை அம்மா கவலையோடு பார்த்தாள்.

"ஏங்க, இந்தச் சம்பந்தம் கர்த்தருக்குச் சித்தமில்லையோ?"

அக்கா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தாள். மெட்ரோவுக்கு ஓடவா, என்னை அடிக்கவா என்று தெரியவில்லை.