சுரங்கத்துக்குள் ராஜகுமாரி

தனத்தின் தலைக்குச் சீயக்காய் தேய்க்கும்போதும் அமராவதி மெதுவாகத்தான் தேய்த்தாள். அழுத்தித் தேய்த்தால் தனத்துக்கு மூச்சு வாங்கும். இனி வாங்காது என்பது கைக்கு இன்னும் எட்டவில்லை.

"சீக்கிரம் தண்ணிய ஊத்தும்மா, பொழுது சாயறதுக்குள்ள எடுக்கணும்," என்றாள் பக்கத்து வீட்டுக் குப்பு.

கொல்லையில் சேலைகளைக் கட்டி மறைத்த இடத்தில், பலகைமேல் கிடந்த பெண்ணுக்குப் பதினாறு வயது.

அமராவதி அவளுக்கு அண்ணி. சிதம்பரத்துப் பெண், அண்ணாமலை நகரில் பி.யூ.சி. சேர்ந்து, நூலகத்துச் சரித்திரக் கதைகளை எல்லாம் சோறு தண்ணி இல்லாமல் படித்துத் தீர்த்தவள். கழுத்தில் தாலி ஏறியதும் படிப்பு நின்றது. செம்மண்டலத்துக்கு வாழ வந்தபின் தலை ஆடிக்குத் தாய்வீடு போனதோடு சரி. பஸ் ஏறினால் சிதம்பரம் எட்டாத தூரமா? கேட்டால் மாமியார் சின்னம்மாளிடம் ஒரே பதில்தான்: "நீ போயிட்டா தனத்த யாரு பாக்கறது?" நியாயமான பதில். அதனால்தான் அதை எதிர்த்துப் பேச வழியில்லாமல் போயிற்று. தனத்துக்கு இருதயக் கோளாறு. வாசற்படி தாண்டவே ஆள் பிடிக்கவேண்டும்.

மருமகள் புத்தகம் தொட்டால் சின்னம்மாளுக்கு ஆகாது. தனத்துக்காகப் படித்தால் மட்டும் வாய் திறக்கமாட்டாள். எதிர்வீட்டு சவரியம்மாள் டீச்சர் வாராவாரம் கொடுக்கும் பத்திரிகையில் ஒரு தொடர்கதை வந்தது. தில்லைக் கோயிலுக்கு அடியில் ஒரு சுரங்கம். அதில் அடைபட்ட ராஜகுமாரி. யாரென்று தெரியாத முகமூடிக்காரன். மத்தியானம் பாத்திரம் கழுவிக் கவிழ்த்ததும் தனத்தின் கட்டிலருகே உட்கார்ந்து அமராவதி நாளுக்குக் கொஞ்சமாகச் சத்தமாகப் படிப்பாள். நாள் முழுதும் அவளுக்கென்று இருந்தது அந்தப் பொழுது ஒன்றுதான்.

தை மாதம் டீச்சருக்குத் திருச்சிக்கு மாற்றலாகிவிட்டது. பத்திரிகையும் நின்றது. அதைச் சொல்ல அமராவதிக்கு வாய் வரவில்லை. சொன்னால் மத்தியானமும் போய்விடும். கடைசியாக வந்த இதழையே விரித்து வைத்துக்கொண்டு அதில் இல்லாததைப் படித்தாள். திருட்டுத்தனம்தான். ஆனால் கதை என்னமாய் வந்தது! சுரங்கத்துக்குள் பேசும் கிளி வந்தது, கண் தெரியாத காவல்காரி வந்தாள், எண்ணெய் இல்லாமல் எரியும் விளக்கு வந்தது. ராஜகுமாரி மட்டும் வெளியே வரவில்லை. வந்தால் கதை முடிந்துவிடுமே! ஒரு கதவு திறந்தால் அதன் பின்னால் இன்னொரு கதவை வைத்துக்கொண்டே போனாள்.

நேற்று மத்தியானம் தனத்தின் உதடு நீலம் பாரித்திருந்தது.

"அண்ணி, இன்னிக்காச்சும் அவ வெளிய வருவாளா?"

"தொடரும்னு போட்டிருக்குதே தனம். அடுத்த வாரம் பாக்கலாம்."

"எனக்கு மட்டும் சொல்லேன்."

"எனக்கு மட்டும் எப்பிடித் தெரியும்?" என்று சொல்லிவிட்டுக் கஞ்சி சூடுபண்ணப் போனாள். டம்ளரோடு திரும்பியபோது தனத்தின் கண்கள் பாதி திறந்தபடி இருந்தன. கூப்பிட்டதற்குப் பதில் இல்லை.

பொழுது சாயுமுன் ஆண்கள் எடுத்துப் போனார்கள். அமராவதியின் புருஷன் பழனிவேல் தங்கைக்குத் தோள் கொடுத்துக்கொண்டே தேம்பினான். பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டுத் தலைமுழுகினார்கள். கல்யாணமாகாமல் போன பெண் அந்த வீட்டுக்குப் பூவாடைக்காரி என்னும் தெய்வம்; அவளுக்குப் பிடித்ததை எல்லாம் புதுக்கூடையில் வைத்து வருஷாவருஷம் படையல் போடவேண்டும். சின்னம்மாள் ஈரத்தலையோடு உட்கார்ந்து பச்சைப் பாவாடை, கண்ணாடி வளையல், ரிப்பன் என்று எடுத்து வைத்தாள்.

"அந்தப் பொஸ்தகத்தக் கொண்டா. நேத்து படிச்ச பக்கத்த எடு."

அமராவதி விரித்தாள். பக்கம் முழுக்க ஒரு சோப்பு விளம்பரம். சின்னம்மாள் அதன்மேல் விரலை வைத்தாள்.

"எனக்குப் படிக்கத்தான் தெரியாது. கண்ணு தெரியும். தையிலேர்ந்து அடுப்படியில நின்னு பாத்துக்கினுதான் இருக்கறேன். தெனமும் இதே சோப்புக்காரிதான்."

"அத்த..."

"அப்பவே கேட்டிருப்பேன். எம் பொண்ணு முகத்துல சிரிப்பு இருந்துச்சு, கேக்கல." சின்னம்மாள் பத்திரிகையை மடித்தாள். "நீ கட்டுற கதைதானம்மா. அவள வெளிய உட்டிருக்கலாமே?"

திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம். குரலில் கோபமே இல்லை. பத்திரிகையைப் பாவாடைக்கு அடியில் சொருகி, கூடையை மூடினாள்.

"காரியம் முடிஞ்சதும் உங்கம்மா ஊட்டுக்குப் போயி இருந்துட்டு வா. இனிமே இங்க யாரப் பாக்கணும்?"

கழுவிய தரை காயட்டும் என்று குப்பு வாசல் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். தெருவில் யாரோ சைக்கிளில் மணியடித்துக்கொண்டு போனார்கள். அமராவதி எழுந்திருக்கவில்லை.