லிபோவ்ஸ்கி விட்ட கோல்

லிபோவ்ஸ்கி என்ற குடும்பப் பெயரை லேசாக நினைத்துவிடாதீர்கள். போலந்தின் ஒல்ஷினி ஊரில் யாரை நிறுத்திக் கேட்டாலும் மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். குதிரைகளை மட்டுமே வரைந்து பேர் வாங்கிய ஓவியர் ஒரு லிபோவ்ஸ்கி. அழுதால்கூட அழகாக இருக்கிற சினிமா நடிகை ஒரு லிபோவ்ஸ்கா, பெண்களுக்கு அந்தப் பெயர் அப்படித்தான் முடியும். இதய ஆபரேஷன் டாக்டர் ஒருவர், பிரசங்கத்தை முடிக்கவே தெரியாத பிஷப் ஒருவர். இவர்கள் எல்லாருக்கும் மேலே, தேசிய அணியின் கோல்கீப்பர் டாமியன் லிபோவ்ஸ்கி. போன கோடையில் அவன் பாய்ந்து விழுந்து பெனால்டியைத் தடுத்த அன்று, பத்து வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பிகள் கூடக் கட்டிப்பிடித்து அழுதார்கள்.

இந்த வரிசையில் இர்மினாவின் புருஷன் ஜெனோன் லிபோவ்ஸ்கி எங்கேயும் கிடையாது. அவன் ஏரிக்கரையில் துடுப்புப் படகுகளை வாடகைக்கு விடுகிறவன். படகுத்துறை ஊராட்சிக்குச் சொந்தம். இவர்கள் குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். கோடையில் சம்பாதிப்பதை வைத்துக் குளிர்காலத்தைத் தள்ளுவார்கள். அது போதும் என்றுதான் இர்மினா இருந்தாள்.

ஏரியில் பனி உடைய ஆரம்பித்த சமயம், ஒரு மத்தியானம், ஆணிக்கடை லுட்விக் வந்து சேர்ந்தான். தேர்தல் தவறாமல் ஒரு வேட்பாளர் குழுவை நிறுத்தி, தேர்தல் தவறாமல் தோற்கிறவன். அடுப்பில் புளித்த மாவுக் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. கேட்காமலே உட்கார்ந்து ஒரு தட்டு குடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தான்.

"ஜெனோன், ஊராட்சித் தேர்தல்ல எங்க குழுவுல நீ நிக்கணும். நீ ஒண்ணும் செய்ய வேண்டாம், நின்னா போதும். ஓட்டுச் சீட்டுல லிபோவ்ஸ்கின்னு பார்த்தாலே ஜனங்க கை தானா குறி போட்டுடும்."

"நிறுத்துப்பா," என்றாள் இர்மினா. "ஜெனோன் நாலு பேர் முன்னாடி வாயைத் திறந்தது எங்க கல்யாணத்துல. அதுவும் ஒரே வார்த்தை."

"அதான் சொல்றேனே, பேசவே வேண்டாம்னு!"

ஜெனோன் தாடையைத் தடவினான். ஐம்பத்து மூன்று வயது வரை அவனை யாரும் எதற்கும் கூப்பிட்டதில்லை. ஊர்க்காரர்களே நடத்தும் தீயணைப்புப் படையில்கூட அவனுக்குக் குழாயைச் சுருட்டுகிற வேலைதான். இர்மினா கரண்டியைக் கீழே வைப்பதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டான், மனுஷன்!

ஒரு வாரத்தில் ஊரெங்கும் போஸ்டர். கோல்கீப்பர் சட்டையின் அதே பச்சை. 'லிபோவ்ஸ்கி' என்று மாட்டுத்தலை அளவு எழுத்து. 'ஜெனோன்' என்பதைக் கண்ணாடி போட்டுத்தான் தேட வேண்டும். அப்போதிலிருந்து எல்லாரும் ஒரே கேள்வி கேட்டார்கள்: கோல்கீப்பர் உனக்குச் சொந்தமா? முதல் நாள் ஜெனோன் "இல்லைங்க" என்றான். மூன்றாம் நாள் "தூரத்துச் சொந்தமா இருக்கலாம்" என்றான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தபோது, "அப்பா வழியில" என்று அவன் சொன்னதை இர்மினா தன் காதாலேயே கேட்டாள். அவளுக்கு மானம் போயிற்று.

"அப்பா வழியா? உங்கப்பாவுக்கு இந்த ஏரிக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னே தெரியாது," என்றாள் வீட்டுக்கு வரும் வழியில். "சொந்தம் கொண்டாடுறதுன்னா முழுசாக் கொண்டாடு. ஜார் காலத்துல குதிரை திருடித் தூக்குல தொங்கினானே, அவனும் லிபோவ்ஸ்கிதான். டீவியில வழுக்கைக்கு எண்ணெய் வித்து ஜெயிலுக்குப் போனானே, அவனும் லிபோவ்ஸ்கி. அவங்களையும் போஸ்டர்ல போடச் சொல்லு."

"உனக்குப் பொறாமை, இர்மினா. நீயும் லிபோவ்ஸ்காதானே."

"கல்யாணம் பண்ணின பாவத்துக்கு!"

இதுவரைகூட அது வெறும் கூத்துதான். விஷயம் விபரீதமானது, ஊராட்சி அலுவலகத்தில் வேலை பார்க்கும் அவள் சிநேகிதி பொக்னா ரொட்டிக்கடை வாசலில் கையைப் பிடித்து நிறுத்தியபோது.

"ஏண்டி, நிஜமாத்தான் நிக்கிறானா? படகுத்துறையை என்ன பண்ணப் போறீங்க?"

"படகுத்துறைக்கு என்ன?"

"கவுன்சிலரா ஆயிட்டா ஊராட்சிச் சொத்தை வெச்சுத் தொழில் பண்ணக் கூடாதுடி. சட்டம். ஜெயிச்சா குத்தகையை விட்டுடணும். விட்டா ஏலம். மோட்டார் படகுக்காரன் ஒருத்தன் நகரத்துலேர்ந்து மூணு தடவை வந்து விசாரிச்சுட்டுப் போயிட்டான்."

இர்மினா மேலே கேட்க நிற்கவில்லை. வாங்கின ரொட்டியைக் கடை மேஜையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள்.

ஜெனோன் கண்ணாடி முன் நின்று தலை சீவிக்கொண்டிருந்தான். அவள் சொன்னதைக் கேட்டதும் சீப்பு ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி சீவினான்.

"போஸ்டர் ஒட்டியாச்சு, சீட்டு அச்சடிச்சாச்சு. இப்போ என்ன பண்ணச் சொல்றே? ஜனங்க கேக்குறாங்க."

"ஜனங்களா நமக்குச் சோறு போடுறாங்க? படகு போடுது! ஜெயிச்சாலும் வேண்டாம்னு சொல்லிடலாம் இல்ல?"

"ஓட்டுப் போட்டவங்க மூஞ்சில அடிச்ச மாதிரி ஆகாதா? லுட்விக் என்ன நெனைப்பான்?"

அவன் மறுபடி கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் கஞ்சியைத் தட்டில் ஊற்றாமல், அடுப்பிலேயே இருக்கு, போட்டுக்கோ என்று சொல்லிவிட்டாள். கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த படகுகளுக்குப் பெயின்ட் அடிக்கும் காலம். அவள் ஒருத்தியாகப் போய் அடித்தாள். அடிக்க அடிக்க அழுகையாக வந்தது. யாருக்காக அடிக்கிறோம், மோட்டார் படகுக்காரன் வந்து விறகாக்குவதற்கா என்று நினைத்தாள். தெருவில் போகிறவர்களோ, "கவலைப்படாதீங்க இர்மினாம்மா, எங்க வீட்டு ஓட்டெல்லாம் லிபோவ்ஸ்கிக்குத்தான்!" என்று கையாட்டிவிட்டுப் போனார்கள். அவர்களுக்குச் சிரித்த முகம் காட்டுவதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை வாக்குப்பதிவு. வெள்ளிக்கிழமை நள்ளிரவோடு தேர்தல் மௌனம் தொடங்கிவிடும்; அப்புறம் யாரும் யாருக்காகவும் வாயைத் திறக்கக் கூடாது, திறந்தால் அபராதம். ஆனால் லுட்விக் எமகாதகன். சனிக்கிழமை சாயங்காலம் தேசிய அணிக்குச் செக் நாட்டோடு ஆட்டம் இருந்தது. மதுக்கடையில் டீவிக்கு நேர் கீழே ஒரு மேஜை பிடித்து, ஜெனோனுக்குப் பச்சை ஸ்வெட்டர் மாட்டி உட்கார வைத்துவிட்டான்.

"நாம பிரசாரமா பண்றோம்? ஆட்டம் பாக்குறோம். மேலே ஒரு லிபோவ்ஸ்கி, கீழே ஒரு லிபோவ்ஸ்கி. அவ்வளவுதான்."

இர்மினாவையும் பக்கத்தில் உட்கார வைத்தான். அவளுக்கு முன்னால் ஊறுகாய் வெள்ளரியும் பன்றிக்கொழுப்பு தடவிய ரொட்டியும் இருந்தன, ஒன்றும் இறங்கவில்லை. முன்பாதி முழுக்க டாமியன் லிபோவ்ஸ்கி பூனை மாதிரி பாய்ந்து பாய்ந்து பிடித்தான். ஒவ்வொரு பிடிக்கும் கடையே எழுந்து நின்று "லிபோவ்ஸ்கி! லிபோவ்ஸ்கி!" என்று கூரை அதிரக் கத்தியது. கத்திவிட்டு, ஜெனோனின் முதுகில் ஆளுக்கு ஒரு தட்டு. தட்டு விழ விழ, இர்மினாவுக்குப் படகுகள் ஒவ்வொன்றாகக் கையைவிட்டுப் போவது போல இருந்தது.

ஆட்டம் முடியும் தறுவாய். ஸ்கோர் சமம். நம் ஆள் ஒருவனே பந்தைப் பின்பக்கமாகக் கோல்கீப்பருக்குத் தட்டிவிட்டான். குழந்தை உருட்டிவிட்ட மாதிரி மெதுவாக உருண்டு வந்தது. டாமியன் லிபோவ்ஸ்கி அதை உதைக்கக் காலைத் தூக்கினான். பந்து காலுக்கு அடியில் நழுவி, நிதானமாக, கோலுக்குள் போய் உட்கார்ந்தது.

எழுந்து நின்ற கடை அப்படியே உட்கார்ந்தது. அப்புறம் வெடித்தது பாருங்கள்!

"லிபோவ்ஸ்கி, நாசமாப் போக!"

"கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு, லிபோவ்ஸ்கி?"

"லிபோவ்ஸ்கிக்கு இனிமே ஒரு வேலையும் குடுக்கக் கூடாது!"

லுட்விக் நாற்காலியின் மேலேயே ஏறிவிட்டான். "மௌனம்! தேர்தல் மௌனம்! ஒரு வேட்பாளர் பேரைச் சொல்லித் திட்டுறீங்க! இது எதிர்ப் பிரசாரம்! போலீஸ் சார், எழுதிக்குங்க!"

மூலையில் சீருடை இல்லாமல் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்த போலீஸ்காரன் கோப்பையை டக்கென்று வைத்தான். "நான் எழுதறதுன்னா முதல்ல என் பேரைத்தான் எழுதணும். ரொம்ப மோசமாத் திட்டினது நான்தான்."

நாடே தலையில் கை வைத்துக்கொண்டிருந்த அந்த நிமிஷத்தில் இர்மினாவின் வயிற்றில் மட்டும் பால் வார்த்தது. தோற்றது தன் நாடு என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. பாவம் அந்தப் பையன், புல்லில் குப்புறக் கிடந்தான். இருந்தாலும் மேஜைக்கு அடியில் சிலுவை போட்டுக்கொண்டாள். ஜெனோன் என்ன நினைக்கிறான் என்று பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு, பச்சை ஸ்வெட்டரைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தான். முதுகில் தட்ட யாரும் வரவில்லை.

திங்கட்கிழமை காலை பள்ளிக்கூடக் கதவில் முடிவை ஒட்டியிருந்தார்கள். ஜெனோன் லிபோவ்ஸ்கி கடைசி. கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற கிழவர் ஜெயித்திருந்தார். லுட்விக் கண் கலங்கி, "ஒரு கால்! ஒரே ஒரு கால் கொஞ்சம் சீக்கிரம் இறங்கியிருந்தா!" என்று புலம்பினான். வருகிறவர்கள் எல்லாரும் ஜெனோன் கையைப் பிடித்து, துக்கம் விசாரிக்கிற மாதிரி குலுக்கிவிட்டுப் போனார்கள்.

இருவரும் படகுத்துறைக்கு நடந்தார்கள். இர்மினாவுக்குச் சிரிப்பு தொண்டை வரை வந்து முட்டியது. ஆனால் புருஷன் முகத்தைப் பார்த்தால் அய்யோ என்று இருந்தது. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை அவனைக் கூப்பிட்டார்கள், அதையும் இப்படித் துடைத்துப் போட்டுவிட்டார்களே. என்ன சொல்லித் தேற்றுவது என்று யோசித்துக்கொண்டே வந்தாள்.

கவிழ்த்துப் போட்டிருந்த படகின் மேல் ஜெனோன் பொத்தென்று உட்கார்ந்தான். தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறான் என்று அவள் பக்கத்தில் போய்த் தலையைத் தொட்டாள். சிரித்துக்கொண்டிருந்தான்!

"இர்மினா, நான் வாத்தியாருக்குப் போட்டேன்."

"என்னது?"

"நீ பொக்னா சொன்னதைச் சொன்ன அன்னிக்கே எனக்குக் கை கால் ஓடல. படகு போயிட்டா நான் யாரு? ஆனா எப்படி வேண்டாம்னு சொல்றது? முதல் தடவையா கூப்பிட்டிருக்காங்க. வாய் வரலை. அந்தப் பந்து உருண்டு வந்துச்சு பாரு, உள்ளே போ, உள்ளே போன்னு மனசுக்குள்ள கும்பிட்டேன். தேசத்துரோகி நான்."

"அடப்பாவி! ராத்திரியெல்லாம் தூக்கமில்லாம நான் ஒருத்தி புரண்டுகிட்டு இருந்தேனே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" பெயின்ட் பிரஷை எடுத்து அவன் முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு அவளும் அதே படகில் சரிந்து உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"தோத்ததுக்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆளு இந்தப் போலந்துலேயே நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்," என்றான் ஜெனோன்.

"ஒருத்தன் இல்ல," என்றாள் இர்மினா, "ரெண்டு பேர். நானும் வாத்தியாருக்குத்தான் போட்டேன்."