சிவகிரி பஸ்ஸில் போன கைப்பை

தூத்துக்குடியிலிருந்து கப்பல் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கிளம்பும். கப்பல்காரர்களே அழைத்துப் போகும் டூர் பஸ் தாமதமானால் காத்திருக்கும். தனியாக ஊர் சுற்றப் போனவர்களுக்காக ஒரு நிமிஷம்கூட நிற்காது.

மைக்கில் மூன்று மொழிகளில் சொன்னார்கள். வேல்விழி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். அவள் புருஷன் முத்துமணி இட்லிக்கு இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தான்.

“தூத்துக்குடியில எறங்கி டூருக்குத் துட்டு அழவா? நம்ம சீமையை நமக்கே காட்டுதானாம்! ஏட்டி, பஸ்ஸப் புடிச்சா சங்கரன்கோவில். அண்ணன் வீட்ல தலையக் காட்டிட்டு மத்தியானமே திரும்பிரலாம்.”

“எனக்கு டூரும் வேண்டாம், உங்க அண்ணன் வீடும் வேண்டாம். இங்கனயே கடல்ல கால் நனைச்சிட்டு, மக்ரூன் வாங்கிட்டு ஏறிருவோம். அதுக்கு என்ன பெரிய செலவு?”

யார் கேட்டார்கள்? மும்பையில் ஏறி கொழும்பு பார்த்துத் திரும்பும் கப்பல். டிக்கெட், அவள் பிளவுஸ் தைத்துச் சேர்த்த சீட்டுப் பணம். கல்யாணமான நாளிலிருந்து அவள் வாய் திறந்து கேட்ட ஒரே பயணம். அதில் பாதி நாள் சங்கரன்கோவிலில், முத்துமணியின் அண்ணன் பாண்டியராஜ் வீட்டுக் கூடத்தில் கழிந்தது. முத்துமணி செல்போனில் கப்பல் சாப்பாட்டை ஒவ்வொரு தட்டாகக் காட்டினான். வேல்விழி சுவர்க் கடிகாரத்தையே பார்த்தாள். பல்லைக் கடித்தபடி.

ஒருவழியாக பஸ் ஸ்டாண்டு. முகூர்த்த நாள். நிற்க இடமில்லை.

கோவில்பட்டி என்று போர்டு போட்ட பஸ் உள்ளே திரும்பியது. ஏறினால் கோவில்பட்டி, அங்கிருந்து தூத்துக்குடி. முத்துமணிக்குப் பழைய ரத்தம் துள்ளியது. ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு சீட் பிடிக்கிற ரத்தம். துண்டு இல்லை. அவள் தோளில் கிடந்த கைப்பையை உருவி ஜன்னலுக்குள் எறிந்தான்.

“ஐயோ, அதுலதான்...”

“சும்மா வா! சீட் நமக்குத்தான்.”

பஸ் நிற்கவே இல்லை. கூட்டத்தைப் பார்த்ததும் விசில். வளைந்து வெளியே போய்விட்டது.

“அது கோவில்பட்டியில இருந்து வாரதுவே. போர்ட மாத்தல. சிவகிரி போவுது” என்றார் பழக்கடைக்காரர்.

பைக்குள் இரண்டு பேருடைய கப்பல் அட்டையும் இருந்தது. அது இல்லாமல் துறைமுக வாசலைக்கூடத் தாண்ட முடியாது.

வேல்விழி புருஷனைப் பார்க்கவில்லை. பார்த்தால் அறைந்திருப்பாள். எதிரே நின்ற ஆட்டோவில் பாய்ந்தாள்.

“பாய், அந்த சிவகிரி பஸ்!”

ஓட்டுநர் ஷேக் ஃபரீத் காரணம் கேட்கவில்லை. பிடித்த ஹாரனை விடவுமில்லை. ஊர் தாண்டி ஒரு டீக்கடை நிறுத்தத்தில் பஸ்ஸை மறித்துவிட்டார்.

உள்ளே ஒரு பொம்பளை, ஜன்னலோர சீட்டில் பையை வைத்து, பக்கத்தில் மலைபோல் உட்கார்ந்திருந்தாள். நிற்பவர்களோடு ஒரே சண்டை.

“பை போட்ட சீட்டுல எவன்வே உக்காருவான்? இந்தா, வந்துட்டா பாரு! உக்காரு தாயி.”

“நான் வரலக்கா. பை மட்டும் போதும். எம்புருஷன் எறிஞ்சிட்டாரு.”

“ஒன்னையும் சேத்து எறியாம விட்டானே!”

பஸ்ஸே சிரித்தது. வேல்விழி சிரிக்கவில்லை. கீழே இறங்கியதும் போன் அடித்தது.

“பை கெடச்சிட்டா? அப்ப மெதுவா வா. நான் அண்ணன் வீட்டுக்கு வந்துட்டேன். கறி எடுத்திருக்காவ. கப்பல் போனாப் போவுது, கொழும்புல என்னட்டி இருக்கு?”

அத்தனை பிளவுஸ், அத்தனை ஊக்கு, இடுப்பு வலி. போனாப் போவுதா?

“பாய், தூத்துக்குடிக்குக் கார் கெடைக்குமா? இப்பவே.”

“மச்சான் கார் இருக்குக்கா. பஸ் ஸ்டாண்டுக்கு வரச் சொல்லுதேன்.”

பஸ் ஸ்டாண்டில் கார் தயாராக நின்றது. வேல்விழி புருஷனைக் கூப்பிட்டாள்.

“கார் நிக்கி. உடனே கெளம்பி வாரீங்களா, இல்லையா?”

“இலை போட்டாச்சுட்டி. தின்னுட்டு வாரேன். நான் இல்லாம ஒத்தையில போயிருவியாக்கும் நீ?”

போனை வைத்தாள். பையைத் திறந்து அவனுடைய அட்டையை எடுத்து ஃபரீத்திடம் நீட்டினாள். பாண்டியராஜ் வீட்டு அடையாளத்தைச் சொன்னாள்.

“இதை அவருகிட்ட குடுத்துருங்க. கப்பல் அஞ்சு மணிக்குன்னு சொல்லுங்க. இஷ்டம் இருந்தா வரட்டும்.”

“விட்டுட்டா போறீய?”

“என் டிக்கெட்டு பாய். நான் போறேன்.”

கார் கதவை அவள் சாத்திய சாத்தில் டிரைவரே திரும்பிப் பார்த்தான்.

கப்பல் ஏணியைத் தூக்கப் பத்து நிமிஷம் இருந்தபோது வேல்விழி அதன் அடியில் நின்றாள். காவலர் அட்டையைச் சரிபார்த்துவிட்டு, அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

“கூட வந்தவர் எங்கம்மா?”

“சாப்பிடுதாரு” என்று சொல்லிவிட்டு ஏணியில் ஏறினாள்.